மாமா, அந்த வீட்டை அத்தை பேருக்கு எழுதிவையுங்கள்

அன்புள்ள மாமாவுக்கு,

போன வாரம் ஆச்சிக்கு மாத்திரை கொடுத்துவிட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தபோது பேச்சை எடுத்தேன். "உயில் எழுதிட்டீங்களா மாமா?" என்று கேட்டதுமே உங்கள் முகம் மாறிவிட்டது. "நான் நல்லாத்தானளா இருக்கேன். எல்லாத்துக்கும் நாமினி போட்டாச்சு" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டீர்கள். நேரில் பேசினால் எழுந்து போய்விடுகிறீர்கள், அதனால் எழுதுகிறேன். நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. 'நாமினி போட்டாச்சு' என்ற இதே பதிலை எத்தனையோ வீடுகளில் கேட்டுவிட்டேன். எங்கள் வீட்டில் அதைச் சொன்னவர் அப்பா.

அப்பா 2019இல் போனார். மில்லில் சேர்ந்த புதிதில், கல்யாணத்துக்கு முன்னால், பி.எஃப்.க்கு தன் அம்மாவை நாமினியாகப் போட்டிருந்தார். அப்பாவுக்கு முன்பே அந்தப் பாட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள். கல்யாணத்துக்கு முன் போட்ட நாமினேஷன் கல்யாணமானதும் செல்லாது, புதிதாகப் போட வேண்டும் என்பது பி.எஃப். விதி. முப்பது வருட வேலையில் அதை அப்பாவிடம் ஒருவரும் சொல்லவில்லை. பிறகு வாரிசு சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீசுக்கு அலைந்தோம். அம்மாவின் ரேஷன் கார்டில் தாத்தாவின் இனிஷியல், ஆதாரில் அப்பாவின் இனிஷியல். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கவே இரண்டு மாதம் போனது. ஜெராக்ஸ் கனம் தாங்காமல் மஞ்சப்பையின் ஒரு காது அறுந்தது. அம்மா அதைச் சணலால் தைத்து வைத்துக்கொண்டாள். அந்தப் பை இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது மாமா. பணம் கைக்கு வரப் பதினான்கு மாதம் ஆனது. அதுவரை ஆஸ்பத்திரிக் கடனுக்கு அம்மாவின் சங்கிலி அடகுக் கடையில் கிடந்தது.

அதனால்தான் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்கிறேன். நான் வக்கீல் இல்லை, ஆனால் அந்த வரிசைகளில் நின்றிருக்கிறேன்.

நாமினியிலிருந்து ஆரம்பிக்கிறேன். வங்கி டெபாசிட்டைப் பொறுத்தவரை நாமினி என்பவர் பணத்தை வாங்கி வைத்திருக்கிறவர், அவ்வளவுதான். சொத்துக்குச் சொந்தக்காரர் வாரிசுதான். இன்சூரன்ஸ் பணத்தைப் பற்றி 1984லேயே சுப்ரீம் கோர்ட் இதைச் சொல்லிவிட்டது. 2015இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, இன்சூரன்சில் மட்டும் மனைவி, கணவன், பிள்ளைகள், பெற்றோர் நாமினியாக இருந்தால் அந்தப் பணம் அவர்களுக்கே சொந்தம். கம்பெனிப் பங்குகளுக்கு (ஷேர்) அந்தச் சலுகை இல்லை என்று 2023 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தது. உங்கள் டெபாசிட் எல்லாவற்றுக்கும் பெரியத்தான்தான் நாமினி. வங்கி அத்தானிடம் பணத்தைக் கொடுத்ததோடு தன் பொறுப்பை முடித்துக்கொள்ளும். அதில் அத்தைக்கும் பங்குண்டு என்று சட்டம் சொல்லும். ஆனால் அத்தான் கொடுக்காமல் போனால் அத்தை கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். பெற்ற பிள்ளை மேல் அத்தை கேஸ் போடுவார்களா? பெரியத்தானை நான் குறை சொல்லவில்லை. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தேரோட்டம் காட்டியவர் அவர். நல்லவர்களுக்கு நடுவிலும் இதெல்லாம் நடக்கிறது, நான் பார்த்திருக்கிறேன். 2025 நவம்பர் முதல் ஒரு வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம். முதல் வேலையாக அத்தை பெயரைச் சேருங்கள்.

இப்போது வீடு. உங்கள் சம்பளத்தில் லோன் போட்டு, அத்தை தண்ணீர் தூக்கிச் சுவர் நனைத்துக் கட்டிய வீடு. நீங்கள் உயில் எழுதாமல் போனால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அது ஐந்து சம பங்காகும். அத்தைக்கு ஒன்று, அத்தான்கள் இரண்டு பேருக்கும் மதினிக்கும் ஒவ்வொன்று, ஐந்தாவது ஆச்சிக்கு. மகன் சொத்தில் தாய்க்கும் மனைவிக்குச் சமமான பங்கு உண்டு என்பது பல பேருக்குத் தெரியாது. அதற்குப் பிறகு ஆச்சியும் எதுவும் எழுதிவைக்காமல் போனால் அவள் பங்கு இரண்டாகப் பிரியும். ஒரு பாதி உங்கள் பிள்ளைகளுக்கு, மறு பாதி என் அம்மாவுக்கு. அதாவது உங்கள் வீட்டில் பத்தில் ஒரு பங்கு என் அம்மாவுக்கு வரும், அவளுக்குப் பின் எனக்கும் தம்பிக்கும். நாற்பது வருடமாக அத்தை சமைத்த அடுப்படியில் எனக்கு என்ன மாமா உரிமை? வீட்டை விற்க வேண்டுமானாலும் அடகு வைக்க வேண்டுமானாலும் அத்தை எங்கள் எல்லாரிடமும் கையெழுத்து கேட்டு வர வேண்டியிருக்கும். அந்த நிலைமையை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை.

பெரியத்தான் "இப்பவே செட்டில்மென்ட் பண்ணிரலாம்ப்பா" என்று கேட்பதாக அத்தை சொன்னார்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். தான செட்டில்மென்ட் பதிவான அன்றே வீடு கைமாறிவிடும், நினைத்தபோது திரும்ப வாங்க முடியாது. உயில் அப்படியில்லை. உங்கள் காலத்துக்குப் பிறகுதான் அதற்கு உயிர் வரும், அதுவரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். செட்டில்மென்ட்தான் என்று முடிவு செய்தால், உங்கள் இருவரையும் கடைசிவரை கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தில் 23ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. நிபந்தனையை மீறினால் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்து அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். மத்தியப் பிரதேசத்தில் ஒரு தாய் மகனுக்கு எழுதிக் கொடுத்த பத்திரத்தை 2025 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் இந்தப் பிரிவின்படி ரத்து செய்தது. ஆனால் அந்தத் தாய் அதற்காக டெல்லி வரைக்கும் போக வேண்டியிருந்தது, பாருங்கள்.

எனவே உயில்தான். அதில் ஒரு விஷயத்தை மட்டும் நீங்கள் நன்றாக யோசிக்க வேண்டும். பத்திரம் எழுதுகிறவர்கள் பழக்கத்தில் ஒரு வாசகம் போடுவார்கள். மனைவி ஆயுள் வரை அனுபவித்துக்கொள்ளலாம், விற்கவோ அடகு வைக்கவோ உரிமை கிடையாது, அவள் காலத்துக்குப் பின் பிள்ளைகள் சமமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். எங்கள் தெருவில் ஒரு பாட்டிக்கு அவள் கணவர் அப்படித்தான் எழுதிவைத்திருந்தார். இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷனுக்குப் பணம் தேவைப்பட்டபோது, தான் குடியிருக்கும் வீட்டை வைத்து ஒரு ரூபாய் புரட்ட அவளால் முடியவில்லை. நான்கு பிள்ளைகளும் கையெழுத்துப் போட வேண்டும், ஒருவர் துபாயில். கட்டிலில் படுத்தபடி ஒவ்வொருவருக்காகப் போன் போட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். அவள் குரல் எங்கள் வீட்டு ஜன்னல் வரை கேட்டது. அத்தைக்கு அப்படி ஒரு நாள் வரக்கூடாது. வீட்டை முழு உரிமையோடு அத்தைக்கு எழுதுங்கள். ஆச்சி இருக்கும்வரை அந்த வீட்டில்தான் இருக்க வேண்டும், செலவை அத்தை பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். பிறகு அத்தையும் தனியாக ஒரு உயில் எழுதட்டும். நகைகள் அத்தையுடையவை, அவற்றை உங்கள் உயிலில் சேர்க்கக் கூடாது.

'வரி போட்டுருவான்' என்று சின்னத்தான் பயமுறுத்தினாராம். இறந்தவரின் சொத்துக்குப் போட்டுவந்த எஸ்டேட் டியூட்டி என்ற வரியை 1985லேயே எடுத்துவிட்டார்கள். அந்தக் கவலை வேண்டாம்.

எழுதும் முறை நீங்கள் நினைக்கிற அளவுக்குச் சிரமமில்லை. முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும், உங்கள் கையாலேயே எழுதலாம். இரண்டு சாட்சிகள் வேண்டும். அவர்கள் நீங்கள் கையெழுத்துப் போடுவதைப் பார்த்து, உங்கள் முன்னிலையில் தாங்களும் போட வேண்டும். நாளைக்கு யாராவது உயிலை எதிர்த்தால், இந்தச் சாட்சிகளில் ஒருவராவது கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டியிருக்கும். அதனால் உங்களோடு வாக்கிங் வரும் நண்பர்கள் வேண்டாம் மாமா, அவர்களுக்கும் உங்கள் வயதுதான். உங்களிடம் படித்த பிள்ளைகளில் நாற்பது வயதுக்குள் இரண்டு பேரைக் கூப்பிடுங்கள். பங்கு வாங்குகிற யாரும் சாட்சியாக வேண்டாம், எழுதும்போது பக்கத்தில் நிற்கவும் வேண்டாம். அதிகம் பெறுகிறவரே முன்னின்று எழுதவைத்த உயிலைத்தான் கோர்ட் சந்தேகத்தோடு பார்க்கும். அன்றைக்கே உங்கள் டாக்டரிடம், நல்ல நினைவோடு இருக்கிறீர்கள் என்று ஒரு சான்று வாங்கிக்கொள்ளுங்கள். உயிலைப் பதிவு செய்துதான் ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லை, ஆனாலும் செய்துவிடுங்கள். எந்த சார்பதிவாளர் அலுவலகத்திலும் செய்யலாம். பதிவு செய்துவிட்டால் பீரோவோடு தொலைந்து போகாது, இது அவர் கையெழுத்தே இல்லை என்று பிறகு ஒருவர் சொல்வதும் அவ்வளவு சுலபமில்லை.

கடைசியாக, எழுதவே கை கூசுகிற விஷயம். தாத்தாவின் நஞ்சை.

தாத்தா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய வயல் அது. 1998இல் உயில் இல்லாமல் போனார். பட்டா இன்றைக்கும் அவர் பெயரில்தான் இருக்கிறது. அது ஆச்சிக்கு, உங்களுக்கு, அம்மாவுக்கு என்று மூன்று பங்கு. நீங்கள் அதை முழுதாகச் சின்னத்தான் பெயருக்கு உயிலில் எழுதினாலும், உங்கள் மூன்றில் ஒரு பங்கு மட்டும்தான் அவருக்குப் போகும். "அண்ணன் வச்சுக்கிடட்டும்" என்று அம்மா சொன்னதை ஊரே கேட்டிருக்கிறது. ஆனால் தன் பங்கை விட்டுக்கொடுத்ததாகப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் இல்லாமல் அந்த வார்த்தை எந்த ஆபீசிலும் செல்லாது. அம்மாவுக்குப் பிறகு அந்தப் பங்கு என்னிடமும் தம்பியிடமும் வந்து நிற்கும். நாங்கள் கேட்க மாட்டோம். எங்களுக்குப் பின் வருகிறவர்களுக்காக நான் வாக்குக் கொடுக்க முடியாது.

அப்பா இறந்த வருடம் நீங்கள் எங்கள் வாசலில் இரண்டு மூட்டை நெல்லை இறக்கிவிட்டு, அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் தெருவிலேயே நின்றுகொண்டிருந்தீர்கள். அந்த நெல் அந்த வயலில் விளைந்தது. நேற்று அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். "நான் நல்லா இருக்கும்போதே கையெழுத்துப் போட்டுருதேன், அண்ணன்ட்ட சொல்லு" என்றாள். ஆச்சியும் தன் பங்கை விட்டுக்கொடுக்க விரும்பினால், அவளை அலைக்கழிக்க வேண்டாம். வர முடியாதவர்களுக்குச் சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிவு செய்யச் சட்டத்தில் இடமிருக்கிறது, மனுக் கொடுக்க வேண்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

தை பிறந்ததும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், நான்கு நாள் லீவு சொல்லியாகிவிட்டது. அதற்குள் வீட்டுக்கும் வயலுக்கும் வில்லங்கச் சான்று போட்டு வையுங்கள். மூலப்பத்திரம் பீரோவின் மேல் தட்டில், அத்தையின் கல்யாணப் பட்டுக்குக் கீழே, பழைய காலண்டர் தாளில் சுற்றி இருக்கிறதாம். அத்தைதான் சொன்னார்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்