பொருள்: 5,000 ரூபாய் கிஃப்ட் கார்டை ஆறே மாதத்தில் செல்லாததாக்கியது பற்றி

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். என் அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணத்துக்காக உங்கள் ஜவுளிக்கடையில் கடந்த பிப்ரவரியில் 5,000 ரூபாய் ரொக்கம் கொடுத்து ஒரு கிஃப்ட் கார்டு வாங்கினேன். தீபாவளிக்குப் புடவை எடுக்கலாம் என்று அம்மா அதைப் பீரோவில் பட்டுப்புடவை மடிப்புக்குள் பணத்தைப் போலவே பத்திரப்படுத்தி வைத்திருந்தார். பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பு அந்தக் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் நின்று, 4,850 ரூபாய்க்கு ஒரு புடவையைத் தேர்ந்தெடுத்து, பில் போடும் இடத்தில் கார்டை நீட்டினால், "எக்ஸ்பயர் ஆயிடுச்சும்மா, சிஸ்டம் எடுக்காது" என்றார் உங்கள் ஊழியர். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் பார்க்க, புடவையை அங்கேயே வைத்துவிட்டு வந்தார் அம்மா. (அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமில்லை, அவர் மரியாதையாகத்தான் பேசினார்.)

வீட்டுக்கு வந்து கார்டு வைத்திருந்த உறையைப் பிரித்துப் பார்த்தோம். உட்பக்கத்தில் எறும்பு போன்ற எழுத்தில் "6 மாதம் மட்டும்" என்று இருக்கிறது. விற்கும்போது ஒருவரும் இதைச் சொல்லவில்லை. என் போன் நம்பரை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டீர்கள், அதற்கு ஆடித் தள்ளுபடி மெசேஜ் தினமும் வந்தது, கார்டு ஆகஸ்டில் முடியப்போகிறது என்று ஒன்றுகூட வரவில்லை.

என் பணம் பிப்ரவரியிலிருந்து உங்களிடம்தான் இருக்கிறது. அதற்கு ஈடாக ஒரு கர்ச்சீப்கூட எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வெளியிட்ட ப்ரீபெய்டு கார்டு விதிகளைப் படித்துப் பார்த்தேன். பணம் ஏற்றிய நாளிலிருந்து குறைந்தது ஓர் ஆண்டு கார்டு செல்ல வேண்டும், முடிவதற்கு முந்தைய 45 நாட்களில் வாடிக்கையாளரை எச்சரிக்க வேண்டும், முடிந்த பிறகு வந்து கேட்டாலும் மீதிப் பணத்தை வங்கிக் கணக்கில் போட வேண்டும் என்று அதில் இருக்கிறது. இதைச் சொன்னதும் உங்கள் மேற்பார்வையாளர், "அது பேங்க் கார்டுக்கு சார், நம்ம கடையில மட்டும் செல்ற கார்டுக்கு இல்ல" என்றார். சரி, ஒரே நிறுவனம் தன்னிடமே பொருள் வாங்குவதற்காக மட்டும் கொடுக்கும் கார்டு அந்த விதிகளுக்குள் வராது என்பது எனக்கும் தெரியும். ஆனால் உங்கள் கார்டின் முகப்பிலேயே பக்கத்திலுள்ள உங்கள் நகைக்கடையிலும் செல்லும் என்று அச்சிட்டிருக்கிறீர்கள். நகைக்கடை பில்லில் நிறுவனப் பெயரும் வேறு, ஜிஎஸ்டி எண்ணும் வேறு. அப்படியென்றால் இது எந்தக் கணக்கில் ஒரே நிறுவனத்தின் கார்டு? இதற்கு எழுத்தில் பதில் வேண்டும்.

அதை விட்டாலும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இருக்கிறது. வாடிக்கையாளருக்குப் பாதகமான நியாயமற்ற நிபந்தனையைத் திணிக்கும் ஒப்பந்தத்தை அதன் 2(46) பிரிவு நியாயமற்ற ஒப்பந்தம் என்கிறது, அப்படிப்பட்ட நிபந்தனையைச் செல்லாது என்று அறிவிக்க மாநில நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. முழுப் பணத்தையும் முன்னாடியே வாங்கிக்கொண்டு, உறைக்குள் ஒளித்த ஒரு வரியைக் காட்டி மொத்தத்தையும் விழுங்குவது நியாயமற்ற நிபந்தனை இல்லையென்றால் வேறு எது என்று எனக்குத் தெரியவில்லை.

நான் நஷ்டஈடு கேட்கவில்லை. கார்டை மறுபடி செல்லும்படி செய்து கொடுங்கள், இல்லையென்றால் 5,000 ரூபாயை என் கணக்கில் போடுங்கள். 15 நாள் பார்ப்பேன். அதற்குள் நடக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, அப்புறம் மாவட்ட ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருட அவகாசமும் இருக்கிறது, எனக்கு அவசரமில்லை.

கார்டின் இரண்டு பக்கம், உறையின் உட்பக்கம், பணம் கட்டிய ரசீது எல்லாவற்றையும் படமெடுத்து இணைத்திருக்கிறேன். பதிலை மின்னஞ்சலிலேயே அனுப்புங்கள். போனில் "பார்த்துட்டுச் சொல்றோம் சார்" என்பதை மூன்று முறை கேட்டாகிவிட்டது.

இப்படிக்கு,
கார்டு வாங்கிய வாடிக்கையாளர்