வாட்டர்லூ நாணயம்

ஆசிரியர் அவர்களுக்கு,

யூரோ நாணயங்களின் ஒரு பக்கம் எல்லா நாடுகளுக்கும் பொது, மறுபக்கம் அந்தந்த நாட்டின் விருப்பம் என்று எழுதியிருந்தீர்கள். அந்த விருப்பத்துக்கும் வரம்பு உண்டு. 2015இல், வாட்டர்லூ போரின் 200ஆம் ஆண்டுக்காக பெல்ஜியம் 2 யூரோ நினைவு நாணயம் வெளியிட முயன்றது. நெப்போலியன் தோற்ற இடமாயிற்றே, பிரான்ஸ் சும்மா இருக்குமா? எதிர்ப்பு வந்ததும் பெல்ஜியம் பின்வாங்கியது. அப்புறம் சாமர்த்தியமாக இரண்டரை யூரோ நாணயம் அடித்தது! வழக்கத்தில் இல்லாத அந்த மதிப்புக்கு மற்ற யூரோ நாடுகளின் சம்மதம் தேவையில்லை. ஆனால் பெல்ஜியத்துக்குள் மட்டுமே செல்லும்.

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகுமா இந்த ரோஷம் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனாலும் மற்ற யூரோ நாடுகளின் சம்மதத்தைக் கேட்கும் விதி சரிதான். 2 யூரோ என்றால் அது பாரிஸ் கடைக்காரரின் கல்லாவுக்கும் போகுமே.

— ஒரு வாசகர்