பச்சைத் தோலைக் குறை சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த கோடைப் பழங்கள் பற்றிய கட்டுரையில், "ஆரஞ்சு வகைகளை வாங்கும்போது பச்சை கலக்காமல் நன்றாக நிறம் ஏறிய பழமாகப் பார்த்து எடுங்கள்" என்று ஒரு வரி இருந்தது. நான் திண்டுக்கல்லில் பழக்கடை வைத்திருப்பவன். கடை தொடங்கி 31 ஆண்டுகள் ஆகின்றன. என் வாடிக்கையாளரான ஓர் அம்மா அந்தப் பக்கத்தை மடித்துக் கையோடு கொண்டுவந்து, என் சாத்துக்குடிக் குவியலைக் காட்டி, "இதெல்லாம் காய்தானே, பழம் எங்கே?" என்று கேட்டுவிட்டார். பதில் சொன்னேன், அவர் நம்பவில்லை. அச்சில் வந்ததற்கு அச்சில்தான் பதில் சொல்ல வேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

சாத்துக்குடியும் ஆரஞ்சும் எலுமிச்சையும் ஒரே குடும்பம். ஆனாலும் தோலின் நிறம் எல்லாவற்றுக்கும் ஒரே செய்தியைச் சொல்வதில்லை. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் படித்த என் தங்கை மகன் எனக்கு இதை விளக்கினான். ஆரஞ்சுத் தோலில் இருக்கும் பச்சையம் மறைய இரவுக் குளிர் வேண்டும். வெப்பம் சுமார் 13 டிகிரி அளவுக்கு இறங்கினால்தான் பச்சை வெளுத்து மஞ்சளும் செம்மஞ்சளும் வெளியே தெரியும். ஆந்திராவின் அனந்தப்பூரிலும் தெலங்கானாவின் நல்கொண்டாவிலும் ஆவணி, புரட்டாசியில் சாத்துக்குடி முற்றும்போது அந்தக் குளிருக்கு எங்கே போவது? உள்ளே சாறு நிறைந்து இனிப்பு ஏறியிருக்கும். தோல் மட்டும் பச்சையாகவே இருக்கும். நமக்கு வரும் சாத்துக்குடியில் பெரும்பங்கு அந்த இரு மாநிலங்களில் இருந்துதான் வருகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மாங்காயை வைக்கோலில் வைத்துப் பழுக்கவைப்பது போல இந்தக் குடும்பத்தில் எதையும் பழுக்கவைக்க முடியாது. மரத்தில் இருந்து பறித்த நாளில் என்ன இனிப்போ அதுதான் கடைசிவரைக்கும். மஞ்சள் நிறத்தைக் கேட்கும் வாடிக்கையாளருக்காக எத்திலீன் வாயு காட்டுகிறார்கள். கார்பைடு கல்லுக்குத் தடை உண்டு, எத்திலீனுக்கு அப்படியில்லை, உரிய அளவில் அனுமதி உண்டு. ஆனால் அது வெளுக்கவைப்பது தோலை மட்டும்தான். பழுக்காத புளிப்பையும் அழகான மஞ்சள் சட்டை போட்டு விற்றுவிடலாம். கட்டுரையின் அறிவுரை வாசகரை நேராக அந்தச் சட்டையிடம் கொண்டுபோய் விடுகிறது.

வாங்குபவர்கள் கண்ணை விட்டுவிட்டுக் கையை நம்பட்டும். ஒரே அளவுள்ள இரண்டு பழங்களை இரு கையிலும் எடுத்தால் எது கனக்கிறதோ அதில் சாறு அதிகம். தோல் சற்று வழுவழுப்பாகவும் மெல்லியதாகவும் இருந்தால் நல்லது. முரட்டுத் தோல், பஞ்சு போன்ற எடை என்றால் திருப்பி வைத்துவிடுங்கள், நிறம் எவ்வளவு பளபளத்தாலும். நிறத்தை நம்பக் கூடாது என்பதற்கு எலுமிச்சை மட்டும் விலக்கு. வெயில் பூமியிலும் அது முற்றினால் தானே மஞ்சளாகும்.

அந்தக் கட்டுரை சித்திரை மாதத்தில் ஆரஞ்சு வாங்கச் சொன்னதுதான் எனக்கு அதைவிட வியப்பு. அந்த மாதத்தில் நம் நாட்டு ஆரஞ்சு எது கடையில் இருக்கிறது? நாக்பூர் பழத்துக்கு இரண்டு காய்ப்பு. தையில் பூத்தது ஐப்பசியில் இருந்து மார்கழிக்குள் வரும். ஆனி மழையில் பூத்தது மாசி, பங்குனியில் வரும். பின்னதுதான் எனக்குப் பிடிக்கும், இனிப்பு கூடுதல். பஞ்சாப் பக்கத்துக் கின்னோ மார்கழி முதல் மாசி வரை. சாறுக்குக் குறையில்லை, கொட்டைக்கும் குறையில்லை. சித்திரை வெயிலில் பளபளவென்று ஸ்டிக்கர் ஒட்டி அடுக்கியிருப்பது பெரும்பாலும் எகிப்தில் இருந்து கப்பலேறி வந்தது. ஆடிக்கு மேல் தென்னாப்பிரிக்கா. விற்கிறேன், மறுக்கவில்லை. ஆனால் அதை நம்மூர்க் கோடைப் பழம் என்று சொல்லி விற்க எனக்கு வாய் வராது.

எங்கள் பக்கத்துப் பழம் என்றால் கீழ்ப்பழனி மலையின் கமலா ஆரஞ்சுதான். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பித் தோட்டத்து மரங்களுக்கு இடையே வளர்வது. கார்த்திகை, மார்கழியில் கூடைகளில் வரும்போது பாதி மஞ்சளும் பாதி பச்சையுமாக இருக்கும். மலைக்குளிர் கொடுத்த மஞ்சள் அது. தோல் தளர்ந்து, நகம் பட்டாலே உரிந்துவிடும். கூடையைத் திறந்தால் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்ப்பார். பச்சைத் தளிர் நோயும் அசுவினிப் பூச்சி பரப்பும் வைரஸ் நோயும் அந்தத் தோட்டங்களைத் தின்றுவிட்டன. நான் கடை தொடங்கிய காலத்தில் வந்த கூடைகளை எண்ணிப் பார்த்தால் இப்போது வருவது கண்ணில் ஒற்றிக்கொள்ளத்தான். அந்தக் கொஞ்சத்தையும் "பச்சையாக இருக்கிறதே" என்று ஒதுக்கிவிட்டு, மெழுகு பூசிய பழத்தை இரட்டை விலைக்கு வாங்கிப் போகிறவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

எலுமிச்சைக்கு வருகிறேன். கோடையில் அதன் விலை ஏறும்போதெல்லாம் வியாபாரியைத் திட்டுகிறார்கள். 2022 ஏப்ரலில் கிலோ 200 ரூபாயைத் தாண்டியபோது நான் வாங்கிக்கட்டிக்கொண்டது கொஞ்சமன்று. புளியங்குடிப் பக்கம் மரம் ஆண்டு முழுவதும் ஏதோ காய்த்துக்கொண்டுதான் இருக்கும். பெரிய வரத்து ஆடி, ஆவணியில். ஆடியில் அம்மன் கோயில் மாலைக்குப் போய்விடும், பிறகு பறிகூலிக்குக்கூடக் கட்டாத விலைக்கு இறங்கும். சித்திரையில் காய் வேண்டுமென்றால் மரம் புரட்டாசி, ஐப்பசியில் பூத்திருக்க வேண்டும். பூக்கவைக்க அதற்கு முன்பே நீரை நிறுத்தி மரத்தைக் காயப்போட வேண்டும். நம் ஊரிலோ அந்த நேரம் பார்த்து மழை வந்து நிற்கிறது! மழையை நிறுத்த எந்த விவசாயியால் முடியும்? வளர்ச்சி ஊக்கிகளைத் தெளித்துப் பூக்கவைக்கும் முறையை வேளாண் பல்கலைக்கழகம் சொல்லிக்கொடுக்கிறது. ஆனால் இரண்டு ஏக்கர்க்காரர் எல்லாரும் அதைச் செய்துவிடுவதில்லை.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பழங்களைப் பற்றி எழுதும்போது தமிழ் மாதம் போட்டு, எந்தப் பழம் எந்த மாதத்தில் எந்த ஊரில் இருந்து வருகிறது என்று ஒரு சின்னக் கட்டம் வெளியிடுங்கள். நார்த்தங்காயையும் பம்பளிமாஸையும் மறந்துவிடாதீர்கள். அதைக் கத்தரித்துக் கல்லாவுக்கு மேலே ஒட்டிவைக்கிறேன். அந்த அம்மா வாரம் தவறாமல் செவ்வாய்க்கிழமை வருகிறவர்.

இப்படிக்கு,
ஒரு பழக்கடைக்காரர்,
திண்டுக்கல்.