இரண்டு சைபர்களைத்தான் வெறுக்க வேண்டும்

ஆசிரியர் அவர்கட்கு,

தங்கள் ஞாயிறு இதழில் வந்த, கதைகளில் வரும் பிரித்தானிய உளவாளி ஜேம்ஸ் பொண்ட் பற்றிய கட்டுரை, அவன் குடிகாரன், பெண்பித்தன், ஆகையால் வெறுக்கத்தக்கவன் என்று தீர்த்துவிடுகிறது. வெறுப்பதில் பிழையில்லை. ஆனால் குற்றப்பத்திரிகையின் முதல் வரியில் நிற்க வேண்டியவை 007 என்ற அவன் இலக்கத்தின் முன்னால் இருக்கும் இரண்டு சைபர்கள், அதாவது கொல்வதற்கான அனுமதி.

அவை கிடைத்த விதத்தை 1953இல் இயன் பிளெமிங் எழுதிய முதல் நாவலான 'கசினோ றோயல்' ஒளிக்காமல் சொல்கிறது. நியூயோர்க்கில் உயர்மாடி ஒன்றின் 36ஆவது தளத்தில் ஒரு ஜப்பானியச் சங்கேத நிபுணர் வேலை செய்கிறார். எதிர்க் கட்டடத்திலிருந்து அவரைச் சுட வேண்டும். ஜன்னல் கண்ணாடி தடிப்பானது. முதற் குண்டு அதில் பட்டுத் திசை மாறிவிடும். அதற்காகவே இரண்டு பேர். ஒருவன் கண்ணாடியில் ஓட்டை போடுகிறான், மறுகணமே பொண்ட் அந்த ஓட்டையூடாகச் சுடுகிறான். அடுத்த கொலை ஸ்டொக்ஹோமில், கத்தியால். கொல்லப்பட்டவன் ஒரு நோர்வேக்காரன். அவன் உயிர் உடனே போகவில்லை. இரண்டுக்கும் விசாரணை கிடையாது. ஆளை முடிக்க அரசாங்கம் அனுமதி கொடுப்பதென்றால் என்னவென்று யாழ்ப்பாணத்து வாசகருக்கு எவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஆனால் இப்படிக் கொல்வது சரியா என்ற கேள்வியைக் கட்டுரையாளருக்கு முன்பே பிளெமிங் கேட்டுவிட்டார். அதே நாவலின் 20ஆம் அத்தியாயத்தைப் படியுங்கள். சித்திரவதைக்குப் பின் படுக்கையில் கிடக்கும் பொண்ட், நல்லவன் யார் கெட்டவன் யார் என்ற கணக்கே குழம்பிப்போய், வேலையை விடப்போவதாகப் பிரெஞ்சு உளவாளி மத்திஸிடம் சொல்கிறான். 1959இல் வந்த 'கோல்ட்ஃபிங்கர்' நாவல் விமான நிலையத்தில் தொடங்குகிறது. தான் கொன்ற மெக்சிக்கோக்காரனின் நினைப்போடு அவன் குடித்துக்கொண்டிருக்கிறான். 'த லிவிங் டேலைற்ஸ்' சிறுகதையில், பெர்லின் எல்லையில் எதிரித் துப்பாக்கிதாரி ஒரு பெண் என்று கண்டதும் கடைசிக் கணத்தில் குறியை மாற்றி அவளை உயிரோடு விட்டுவிடுகிறான். அதற்காகத் தன் சைபர்கள் பறிபோனாலும் நல்லதுதான் என்பது அவன் பதில். குடியும் அப்படியே. 1961இன் 'தண்டர்போல்' நாவலில் வரும் மருத்துவ அறிக்கையில் நாளுக்கு அரைப் போத்தல் சாராயமும் 60 சிகரட்டும் நோயாகத்தான் பதியப்பட்டிருக்கின்றன.

இந்த உறுத்தலைத் துடைத்தவை படங்கள். 1962இல் வந்த 'டொக்டர் நோ' படத்தில், துப்பாக்கியில் குண்டு தீர்ந்துபோன பேராசிரியர் டென்றைப் பொண்ட் ஆறுதலாக இருந்தபடி சுடுகிறான். விழுந்த பிறகும் ஒருமுறை சுடுகிறான். பிந்திய படங்களில் கொலைக்குப் பின் ஒரு பகிடியும் சேர்ந்துவிட்டது. அந்தக் காலத்தில் றீகல் தியேட்டரில் ஆங்கிலப் படம் பார்த்தவர்கள் தொடக்கம் இன்று கைத்தொலைபேசியில் பார்ப்பவர்கள் வரை அறிந்த பொண்ட் இவன்தான். இவனை வெறுப்பதற்கு என் முழுச் சம்மதம்.

நாவல்களில் மன்னிக்க முடியாத இடங்களும் உண்டு. 1954இன் 'லிவ் அன்ட் லெட் டை'யில் கறுப்பின மக்கள் ஒரு சமூகமாகவே வில்லனின் உளவு வலையாகக் காட்டப்படுகிறார்கள். 2023 மறுபதிப்பில் சில சொற்களை எடுத்தார்கள். கதையின் எலும்பு அப்படியே இருக்கிறது. 'த ஸ்பை ஹூ லவ்ட் மீ' நாவலில் பலாத்காரத்துக்கு நியாயம் சொல்லும் வரியை ஒரு பெண்ணின் வாயிலேயே வைத்ததற்கு எந்தச் சமாதானமும் செல்லாது.

குறை சொல்வதென்றால் ஜெஃப்ரி பூத்ரொய்ட் சொன்னதுபோலச் சொல்ல வேண்டும். 1956இல் இந்தத் துப்பாக்கி ஆர்வலர் பிளெமிங்குக்கு ஒரு கடிதம் எழுதினார்: பொண்டின் .25 பெரெற்றா கைத்துப்பாக்கி வலுவில்லாதது, பெண்கள் வைத்திருக்கும் சாமான். 'டொக்டர் நோ' நாவலில் பெரெற்றா பறிக்கப்பட்டு வோல்தர் பிபிகே என்ற வேறொரு கைத்துப்பாக்கி வந்தது அதனால்தான். பிளெமிங் அங்கேயும் ஒரு பிழை விட்டார்: ரிவோல்வருக்கென்று செய்த உறையில் பிபிகேயைச் செருகிவிட்டார். கட்டுரையாளரும் புத்தகங்களைத் திறந்து, எந்தப் பக்கத்தில் எது பிழை, ஏன் பிழை என்று எழுதட்டும். காத்திருந்து வாசிப்பேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
நல்லூர்.