கிராண்ட் கல்ச்சில் நான்கு நாள்

அன்புள்ள நண்பா,

நலம்தானே? அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? உன் கடிதத்துக்கு உடனே பதில் போட முடியவில்லை. நான் ஊரில் இல்லை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தின் தென்கிழக்கில் சீடர் மேசா என்றொரு பீடபூமி. அதை அறுத்துக்கொண்டு போகும் கிராண்ட் கல்ச் பள்ளத்தாக்கில், வழிகாட்டி ஒருவரோடு ஆறு பேர் மூட்டை சுமந்து நான்கு நாள் நடந்தோம். கேன் கல்ச்சில் இறங்கி புல்லட் கேன்யன் வழியாக ஏறினால் ஏறக்குறைய 37 கிலோமீட்டர்.

பாலைவனம் என்றதும் மணல்மேட்டை நினைத்துக்கொள்ளாதே. மேலே ஜூனிப்பர், பின்யான் மரங்கள். இறங்க இறங்க மணற்பாறை இருபுறமும் சுவராக எழும்புகிறது. அடியில் ஊற்று கசியும் இடங்களில் காட்டன்வுட் மரங்கள் பச்சைப்பசேலென்று நிற்கின்றன. பாதையை விட்டு ஓரடிகூட விலகக்கூடாது என்றார் வழிகாட்டி. ஓரத்தில் மண் கறுப்பாகப் பொருக்குத் தட்டியிருந்தது. நுண்ணுயிரும் பாசியும் சேர்ந்து மணலை இறுகப் பிடித்து வைத்திருக்கின்றன. ஒருமுறை மிதித்தால் பழையபடி வளரப் பல பத்தாண்டுகள் ஆகுமாம்.

அப்புறம் அந்த வீடுகள்! பாறைக் குடைவுகளுக்குள், அமெரிக்கப் பழங்குடிகளான பியூப்லோ மக்களின் முன்னோர் கல்லும் மண்ணும் வைத்துக் கட்டியவை, எழுநூறு ஆண்டுகளுக்கும் மேலாக நிற்கின்றன. குளிர்காலச் சாய்வெயில் உள்ளே விழும், கோடையில் மேற்பாறை நிழல் தரும் இடமாகப் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். டர்க்கி பென் என்ற இடத்தில் வான்கோழி அடைத்த குச்சிப் பட்டி இன்னும் இருக்கிறது. இறகை யக்கா என்ற செடியின் நாரில் சுற்றிப் போர்வை நெய்தார்களாம். ஒரு போர்வைக்கு 11,000 இறகுக்கு மேல்.

ஒரு தானிய அறையின் முன்னால்தான் நான் வெகுநேரம் உட்கார்ந்துவிட்டேன். கல்லுக்கு நடுவே அப்பிய மண்ணில் விரல்கள் பதிந்திருந்தன. ஒன்றில் ரேகைகூடத் தெரிந்தது. என் சுண்டுவிரலைவிடச் சிறியது. பெண்ணோ, பிள்ளையோ! காலடியில் விரல் நீளத்துக்கு மக்காச்சோளச் சக்கைகள். எதையும் தொடவில்லை.

எல்லோரும் அப்படி விட்டுவைக்கவில்லை. 1890களில் ரிச்சர்ட் வெதரில் என்ற பண்ணைக்காரர் போன்றவர்கள் இங்கே தோண்டி எடுத்ததில் பெரும்பகுதி நியூயார்க் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கூடைகளும் போர்வைகளும் மட்டுமல்ல, இறந்தவர்களையும் எடுத்துப் போனார்கள். அதைக் கேட்டபோது மனசு ஆறவில்லை.

"அந்த மக்கள் மாயமாய் மறைந்துவிட்டார்கள்" என்று எழுதுகிறார்களே, அது தப்பு. 1276 முதல் 1299 வரை கடும் வறட்சி; சண்டையும் சேர்ந்துகொண்டது. தெற்கே இடம்பெயர்ந்தார்கள். ஹோப்பி, ஸூனி மக்கள் அவர்களின் வாரிசுகள்தான். நவஹோ, யூட் மக்களும் இவர்களும் சேர்ந்து கேட்டதால்தான் 2016இல் இந்தப் பகுதி பேர்ஸ் இயர்ஸ் தேசிய நினைவிடம், அதாவது அரசு பாதுகாக்கும் நிலம், ஆனது. அடுத்த ஆண்டே அதன் பரப்பை வெட்டிச் சுருக்கினார்கள். 2021இல் மீண்டும் முழுதாக்கினார்கள்.

அடுத்த ஏப்ரலில் மறுபடி போகிறேன், நீயும் வா. அந்தச் சுண்டுவிரல் தடத்தை உனக்குக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
உன் நண்பன்