இ-சேவை மையத்தில் பார்த்த அக்காவுக்கு

தங்கைக்கு முதல் பட்டதாரி சான்றிதழ் எடுக்க வரிசையில் நின்றிருந்தோம். அப்பாவின் சட்டைப்பையில் அம்மா வளையலின் அடகுச் சீட்டு. பின்னால் நின்ற நீங்கள்தான், "பாப்பா ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியா?" என்று கேட்டீர்கள். ஆமாம் என்றோம். அப்படியானால் 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டில் பொறியியல் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டும் என்றீர்கள். எங்களுக்கு அதுவரை தெரியாது. தலைமை ஆசிரியரிடம் என்ன சான்று வாங்க வேண்டும் என்று துண்டுச் சீட்டில் எழுதியும் கொடுத்தீர்கள். அதற்குள் உங்கள் டோக்கன் போய்விட்டது, பாவம்.

இடம் கிடைத்துவிட்டது அக்கா. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வருகிறது. வளையலை மீட்டுவிட்டோம். பெயரைக்கூடக் கேட்காமல் வந்தது என் தப்பு. ரொம்ப நன்றி.