நாடகத்தில் கைமாறும் காகிதங்கள்

அன்புள்ள சுந்தரம்,

தங்கள் கடிதமும் பேத்தியின் வினாத்தாளும் கிடைத்தன. கண்புரை அறுவைக்குப் பின் நான் முழுமூச்சாக வாசித்தது அவளுக்குப் பாடமாக உள்ள ‘ரோமியோ ஜூலியட்’ நாடகத்தைத்தான். ஜூலியட்டின் உறவினன் டிபால்ட்டைக் கொன்றவர் யார், ஜூலியட்டின் வயது என்ன, நாடகம் முதலில் அச்சான ஆண்டு எது (1597) என்றெல்லாம் கேட்டால், நாடகத்தைத் திறக்காமல் நோட்ஸை மட்டும் உருப்போட்டவனே முழு மதிப்பெண் வாங்கிவிடுவான்.

நானாயிருந்தால், நாடகத்தில் கைமாறும் காகிதங்கள் எவை, அவற்றால் நேர்ந்தது என்ன என்று கேட்பேன். ஜூலியட்டின் தந்தை கபுலெட்டின் எழுத்தறியாத வேலைக்காரன், விருந்தினர் பட்டியலைத் தெருவில் எதிர்ப்பட்ட, பகைக் குடும்பமான மான்டேகு வீட்டு ரோமியோவிடமே கொடுத்து வாசிக்கச் சொல்வதோடு, மான்டேகு வீட்டாராக இல்லாவிட்டால் விருந்துக்கு வரலாம் என்றும் அழைக்கிறான். பட்டியலில் தான் அப்போது காதலித்த ரோசலின் பெயரைக் கண்டு அவளுக்காகப் போனவன் ஜூலியட்டைக் காண்கிறான். டிபால்ட் அனுப்பிய சவால் கடிதம் ரோமியோவின் கைக்குச் சேர்ந்ததா என்பதை நாடகம் சொல்வதே இல்லை.

எல்லாவற்றிலும் கனமானது, காதலர்களுக்கு ரகசியமாக மணம் செய்துவைத்த லாரன்ஸ் துறவி, ஜூலியட்டின் சாவு வெறும் மயக்கமே என்று ரோமியோவுக்கு எழுதிய கடிதம். அதை, நாடுகடத்தப்பட்ட ரோமியோ இருந்த மான்டுவாவுக்குக் கொண்டுபோக வேண்டிய ஜான் துறவி, வழித்துணைக்கு இன்னொரு துறவியைத் தேடி நோயாளிகள் இருந்த வீட்டுக்குப் போகிறார். கொள்ளைநோய் ஐயத்தால் அதிகாரிகள் கதவை அடைத்து முத்திரையிட்டுவிடுகிறார்கள். கடிதம் போய்ச் சேராததால், ஜூலியட் இறந்துவிட்டாள் என்றே நம்பி ரோமியோ நஞ்சருந்துகிறான். ‘விதி’ என்று மட்டும் எழுதுபவருக்கு நான் பாதி மதிப்பெண்தான் தருவேன். ஜூலியட்டை வேறொருவனுக்குக் கட்டிவைக்கக் குறித்த வியாழக்கிழமைத் திருமணத்தைக் கபுலெட் புதனுக்கு மாற்றியதால், அதிலிருந்து தப்ப ஜூலியட் ஒரு நாள் முன்னதாகவே 42 மணி நேர மயக்க மருந்தைக் குடிக்க நேர்ந்தது என்பதையும் சேர்த்து எழுதுபவர் நாடகத்தை உண்மையாகவே வாசித்தவர். நாடகத்துக்கு மூலமான, 1562-இல் வெளியான ஆர்தர் புரூக்கின் கவிதையில் மாதக்கணக்கில் நீளும் கதையை ஷேக்ஸ்பியர் ஞாயிறு காலை முதல் வியாழன் விடியல் வரைக்குள் அடக்கியதால்தான் அந்த ஒரு நாளுக்கு இத்தனை விலை.

கடைசியில், ரோமியோ தன் தந்தைக்கு எழுதிய கடிதத்தை, அந்தத் தந்தை அருகில் நிற்கும்போதே, வெரோனாவின் கோமகன் வாங்கி வாசித்து, துறவி சொன்னது மெய்யெனத் தெளிகிறார். இந்தக் காகிதத்தைப் பெரும்பாலான மாணவர்கள் மறந்துவிடுவார்கள் என்றே நினைக்கிறேன். பேத்தியிடம் கேட்டு, அவள் விடையை அப்படியே எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
ராமநாதன்